சட்டை கடிக்குது

மச்சினியின் கல்யாண வரவேற்புக்கு நான் தைத்த கவுனை என் மகள் பதினோரு நிமிடம் போட்டிருந்தாள். அலைபேசியில் இருக்கும் படங்களின் நேரத்தை வைத்துச் சொல்கிறேன். மாலை 7.04-க்கு எடுத்த படத்தில் மயில் நீலக் கவுன், இடுப்பில் ஜரிகைக் கரை, அதற்குக் கீழே குடை மாதிரி விரிந்த பாவாடை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குழம்பிய முகம். 7.15 படத்தில் வெறும் ஜட்டியோடு என் மாமியார் இடுப்பில் உட்கார்ந்து மூக்கொழுக அழுதுகொண்டிருக்கிறாள். மேடைக்குப் போகும் வழியில் திடீரென்று நின்றவள், கவுனை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு "கடிக்குது" என்றாள். மண்டபத்தில் ஜிலேபி பாகு சிந்தியிருந்ததால் மனைவி எறும்பு என்றுதான் நினைத்தாள். மணமகள் அறைக்குத் தூக்கிப்போய்க் கழற்றி உதறினோம். எறும்பு இல்லை. மறுபடி போட்டுவிட்டோம், மறுபடி "கடிக்குது". மூன்றாவது தடவை கையைத் தூக்கவே மாட்டேன் என்றுவிட்டாள். இரண்டரை வயதுப் பிள்ளை கையைத் தூக்குவதில்லை என்று முடிவெடுத்துவிட்டால் அப்புறம் எட்டுப் பேர் சேர்ந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அவள் அகராதியில் "கடிக்குது" என்ற சொல்லுக்குப் பெரிய இடம் உண்டு. கொசு கடிக்கும், மிளகு ரசம் கடிக்கும், சவரம் செய்யாத நாட்களில் அப்பாவின் கன்னமும் கடிக்கும். அதனால் அந்தச் சொல்லை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிடிக்கவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் கொஞ்சம் கோபித்தும் கொண்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைத்தது அது. பந்தியில் பக்கத்து இலைக்காரர், "அப்பன் கையால தச்சதாமே, எவ்வளவு பாசம்!" என்று சொன்னபோது பாயசம் இறங்கவில்லை. இன்னொருவர், "கடையில 400 ரூவாய்க்குக் கெடைக்குதே, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேல?" என்று கேட்டார். அதற்குக் கூட என்னிடம் பதில் இருந்தது. பாசம் என்றாரே, அதற்குத்தான் இல்லை.

இதில் சொல்ல வெட்கப்படும் ஒரு விஷயம் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டில். எங்கள் பாஷையில் கியூசி. பதினான்கு வருடமாகக் குழந்தைகள் துணிதான் என் மேசைக்கு வருகிறது. பட்டனைப் பிடித்து இழுக்கும் கருவியில் 90 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 9 கிலோ பாரம் தொங்குகிற விசையில் இழுத்து, பட்டன் கையோடு வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஐரோப்பாவுக்குப் போகும் துணியில், 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கானது என்றால் கழுத்திலும் தொப்பியிலும் நாடா இருக்கக் கூடாது, சறுக்கு மரத்தில் மாட்டிக்கொண்டால் கழுத்து இறுகிவிடும். தையல் லைனில் ஓர் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து, பதிவேட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி கொடுப்போம். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த இடத்தில் கிடக்கும் துணி முழுவதையும் ஒதுக்கிவைத்துத் தேடவேண்டும். கடைசியில் பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு பீஸும் உலோகம் கண்டுபிடிக்கும் மெஷினைத் தாண்டியாக வேண்டும். இத்தனையும் தெரிந்த ஆள் தன் பிள்ளைக்குத் தைத்த சட்டை கடிக்கிறது என்றால், அந்தப் பதினோரு நிமிடம் மனதில் உறுத்தாமல் என்ன செய்யும்?

வேட்டி ஜப்லா

கதை அதற்கு முன்பே தொடங்குகிறது. என் அம்மா ஈரோட்டில் ஒரு சந்து வீட்டுத் திண்ணையில் முப்பது வருடம் ஜாக்கெட் தைத்தவர். போர்டு கிடையாது. "சந்துக்குள்ள மூணாவது வீட்டு அக்கா" என்றால் எல்லோருக்கும் தெரியும். மெஷின் அப்பா வாங்கிக்கொடுத்த காலால் மிதிக்கிற உஷா. தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கியதில்லை, எனக்குப் பள்ளிப் பாடமே மெஷின் சத்தத்தோடுதான் ஏறியது. ஐந்தாறு வருடத்துக்கு முன் சர்க்கரை அவர் விழித்திரையில் கைவைத்தது. லேசர் வைத்ததில் இருந்த பார்வை நின்றது, போனது திரும்பவில்லை. ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. ஊசியில் நூல் கோக்க முடியாது என்று ஆன நாளில் மெஷினைப் பழைய சேலையால் மூடிவிட்டார்.

மகள் பிறந்தபோது ஒரே ஒரு தடவை அந்தச் சேலை விலகியது. எங்கள் வீட்டில் குழந்தை பிறக்கும் முன் அதற்கென்று துணி வாங்கும் பழக்கம் இல்லை. பிறந்த பிறகும் முதலில் போடுவது பழைய துணிதான். அம்மா பீரோவிலிருந்து அப்பாவின் வேட்டி ஒன்றை எடுத்தார். அப்பா போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. என்னை நூல் கோக்கச் சொல்லி, கையாலேயே தடவித் தடவி அளந்து, மெதுவாக மிதித்து, ஆறு ஜப்லா தைத்தார். முன்பக்கம் திறந்து நாடா கட்டுகிற மாதிரி. பட்டன் கிடையாது, கொக்கி கிடையாது.

புது வேட்டி ஏன் கூடாது என்பதற்கு வீட்டில் சாஸ்திரம் சொல்வார்கள். ஈரோட்டுக்காரனுக்கு வேறொரு காரணம் தெரியும். தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி ஏற்றித்தான் ஓட்டுவார்கள், அதற்கென்றே எங்கள் பக்கம் சைசிங் ஆலைகள் உண்டு. அந்தக் கஞ்சி, சலவைப் பட்டறையில் மொடமொடப்புக்காக ஏற்றுகிறவை, எல்லாம் போய் நூல் தளர்ந்து துணி துணியாக மாறுவதற்குப் பல சலவை வேண்டும். பத்து வருடம் கட்டிய வேட்டிக்கு அதெல்லாம் முடிந்திருக்கும்.

அந்த ஆறு ஜப்லாவையும் வாங்கிப் பார்த்தபோது நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தையல் எல்லாம் வெளியே இருந்தது. தோள், பக்கவாட்டு, கைக்குழி எல்லாவற்றிலும் மடிப்பு வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. பாவம், கண் தெரியாமல் உள்பக்கத்தை வெளிப்பக்கம் என்று நினைத்துத் தைத்துவிட்டார் என்று எங்களுக்குத் தோன்றியது. சொல்லி வருத்த வேண்டாம் என்று ஒன்றும் சொல்லவில்லை. திருப்பிப் போட்டால் சரியாகத்தானே இருக்கும்? திருப்பித்தான் போட்டுவிட்டோம், மூன்று மாதமும். இதை இப்போதைக்கு இங்கே விட்டுவிடுகிறேன்.

தலைக்கு வழி

நான் மெஷினில் உட்கார்ந்தது மகளுக்கு இரண்டு வயது நடக்கும்போது. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, மெஷின் சும்மா கிடந்தது, பெல்ட் காய்ந்து வெடித்திருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மாற்றினேன். மாற்றிய பிறகு ஓட்டிப் பார்க்கவேண்டும் அல்லவா? அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி சத்தத்தை வைத்தே சொன்னார்: "ஷட்டில்ல எண்ணெ இல்ல கண்ணு. ரெண்டு சொட்டு உடு." விட்டேன், சத்தம் மாறியது. அன்றிலிருந்து அவர் சொல்ல நான் தைப்பது என்று ஆனது. எங்கள் தெருமுனையில் மூன்று டெய்லர் கடை, மூன்றிலும் ஆண்கள்தான். அதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஆனால் போர்டு இல்லாமல், கூலி வாங்காமல், வீட்டுக்குள் ஓர் ஆண் மெஷின் மிதித்தால் பால்காரர்கூட எட்டிப் பார்க்கிறார்.

முதல் கவுன் அவள் தலையைத் தாண்டவே இல்லை. கடையில் வாங்கிய பனியன் துணிக் கவுன் ஒன்றைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அதே அளவுக்குப் பாப்லினில் வெட்டியிருந்தேன். கழுத்துச் சுற்று 14 இன்ச். போட்டுவிட முயன்றபோது நெற்றியில் நின்றுவிட்டது, உள்ளிருந்து ஓர் அலறல். அம்மா சத்தம் கேட்டே கண்டுபிடித்துவிட்டார்: "தலைக்கு வழி உட்டியா இல்லியா?"

எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கம்பெனி அளவுத் தாளில் "நெக் ஸ்ட்ரெட்ச்" என்று தனி வரியே உண்டு, கழுத்தை இழுத்தால் குறைந்தது எவ்வளவு விரிய வேண்டும் என்று. பதினான்கு வருடமாக இழுத்து அளந்து டிக் போட்டிருக்கிறேன். ஏன் என்று யோசித்ததில்லை, பின்னலாடை இழுபடும், அளவு வந்துவிடும், அவ்வளவுதான். நெய்த துணி இழுபடாது. பிள்ளையின் உடம்போ பெரியவர் உடம்பைச் சிறிதாக்கியது அல்ல. பிறக்கும்போது நீளத்தில் கால்வாசி தலைதான், நமக்கு எட்டில் ஒரு பங்கு. இரண்டு வயதில் தலைச் சுற்று 19 இன்ச் பக்கம் வரும், மார்புச் சுற்றும் ஏறக்குறைய அவ்வளவே. தோளோ ஒரு சாண். அதாவது கழுத்தை அழகாகச் சின்னதாக வெட்டினால் தலை நுழையாது, தலைக்கு வெட்டினால் தோளிலிருந்து வழியும். முதுகில் 5 இன்ச் கீறி, கிராஸ் பட்டி வைத்து மூடி, ஒரு பட்டன் வைப்பதுதான் வழி. கிராஸ் என்றால் பாவுக்கும், அதன் குறுக்கே ஓடும் ஊடைக்கும் சரிவாக, மூலைவாட்டில் வெட்டிய பட்டி. நெய்த துணியிலும் அந்தப் பக்கம் கொஞ்சம் இழுவை உண்டு, வளைவில் சுருங்காமல் உட்காரும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு கழுத்து ஆனது. அம்மா ஒவ்வொன்றையும் விரலால் சுற்றிவந்து "இன்னும் உதறுது" என்பார்.

துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டவேண்டும், அதுவும் ஒரு கவுன் வீணான பிறகு தெரிந்ததுதான். அதை விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுருங்கியது, பொம்மைக்குப் போட்டோம்.

மூன்று இடங்கள்

ஐந்தாறு கவுன் தைத்த பிறகு கை கொஞ்சம் திமிர்பிடித்துவிட்டது. மச்சினி கல்யாணம் வந்தது. செவ்வாய்க்கிழமை ஜவுளிச் சந்தையில் அலைந்து, ஜரிகைப் புட்டா போட்ட மயில் நீலத் துணி ஒன்றரை மீட்டர், பன்னா, அதாவது அகலம், 44 இன்ச் எடுத்தேன். பாவாடை விரிந்து நிற்க அடியில் கேன்கேன் நெட் என்கிற விறைப்பான வலைத்துணி. துணி ஓரம் பிரியாமல் நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் வீட்டில் இல்லாததால் கைக்குழியையும் பக்கத் தையலையும் தெருமுனைக் கடையில் கொடுத்து அடித்து வாங்கினேன். இடுப்பில் சுருக்கு சீராக விழுவதற்காக மூன்று முறை பிரித்துத் தைத்தேன். ஜரிகைக் கரை இரண்டு பக்கமும் சந்திக்கும் இடத்தில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. கம்பெனியில் இப்படி ஒரு பீஸ் வந்தால் யோசிக்காமல் பாஸ் போட்டிருப்பேன். அம்மாவிடம் காட்டவில்லை. ஜரிகையைத்தான் அவரால் பார்க்க முடியாதே என்று எனக்கே ஒரு சமாதானம். உண்மையில், கல்யாண நேரத்தில் அவர் எதையாவது பிரிக்கச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

கல்யாணம் முடிந்து இரண்டு நாள் கழித்து இரவில் கேட்டார். "அந்தக் கவுன இங்க குடு." கொடுத்தேன். வாங்கியதும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். முதலில் புறங்கையை உள்ளே விட்டுத் தடவினார். பிறகு கன்னத்தில் வைத்தார். பிறகு கழுத்தில், தாலிக்கயிறு உரசி உரசித் தோல் மெலிந்த அந்த இடத்தில் வைத்து, மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். இடுப்பில் நின்றது. "இங்க." கைக்குழியில் நின்றது. "இங்க." மார்பில் ஒரு புட்டாவின் முதுகுப் பக்கத்தில். "இங்கயும்."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். மார்புக்கு லைனிங் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர் சரி என்று கேட்டுக்கொண்டு, "பனியனக் கழட்டு" என்றார். "எதுக்குங்கம்மா?" "கழட்டு சாமி. இத வயித்துல வச்சுக் குனிஞ்சு பாரு." மணி பத்துக்கு மேல். வெற்றுடம்போடு, இரண்டரை வயதுக் கவுனின் இடுப்பை வயிற்றில் அழுத்திக்கொண்டு குனிந்தேன். கடித்தது.

நெட்டின் வெட்டிய ஓரம், சுருக்குப் பிடித்ததில் நாலைந்து அடுக்காகச் சேர்ந்து, இடுப்புத் தையலில் பிரஷ் மாதிரி நின்றுகொண்டிருந்தது. கைக்குழியில் ஓவர்லாக் நூல், பாலியஸ்டர், சூட்டில் முறுகிய மீன்முள் மாதிரி. புட்டாவின் பின்னால் ஜரிகை நூலை வெட்டிவிட்ட நுனிகள். லைனிங் கொடுத்திருந்தேன், ஆனால் மெல்லிய லைனிங், நுனி அதைத் துளைத்து எட்டிப் பார்த்தது. நிமிர்ந்து நின்றால் எதுவும் தெரியாது. குனிந்தால், உட்கார்ந்தால், ஓடினால், கையைத் தூக்கினால் தெரியும். பிள்ளைகள் செய்வது அது நான்கும்தான்.

"வெளியிருந்து பாத்துத் தச்சிருக்கற கண்ணு," என்றார் அம்மா. "அவ உள்ள இருக்கறா."

திட்டவில்லை, கவுனை மடித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஜப்லா ஞாபகம் வந்தது. எழுந்துபோய் பீரோவைத் திறந்தேன். ஆறில் இரண்டு மிச்சம் இருந்தன, நாங்கள் போட்டுவிட்ட பக்கமாகவே, தையல் உள்ளே இருக்க மடித்துவைத்திருந்தாள் மனைவி. ஒன்றைத் திருப்பினேன். துருத்திக்கொண்டிருந்த மடிப்பு வெளியே போனது. உள்ளே, குழந்தை உடம்பு படுகிற பக்கம், புறங்கையை வைத்துத் தடவினேன். எங்கேயும் நிற்கவில்லை. அப்பாவின் வேட்டி மட்டும்தான் இருந்தது.

கண் தெரியாமல் தைத்தது என்று நினைத்தோம். திருப்பிப் போட்டோம். மூன்று மாதம்.

மறுநாள் காலையில் அம்மாவிடம் கேட்டேன், பாப்பாவைத் தூக்கும்போது கைக்குத் தெரிந்திருக்குமே, சொல்லியிருக்கலாமே என்று. காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பச்ச ஒடம்புக்காரி. ராத்திரியெல்லாம் தூங்காம கெடக்கறா. அவகிட்டப் போயி நான் தையக் கணக்குப் பேசிட்டிருப்பனா?" ஒரு வாய் குடித்துவிட்டு, "பழைய துணிதான, பெருசாக் கடிச்சிருக்காது உடு" என்றார். இதை மனைவியிடம் சொன்னபோது அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை அந்த இரண்டு ஜப்லாவையும் துவைத்து, தையல் வெளியே வரும்படி மடித்துவைத்தாள். இப்போது போட ஆள் இல்லை. இருந்தாலும்.

பாசத்தைப் பற்றி

பந்தியில் கேட்ட அந்த வார்த்தைக்குத் திரும்பி வருகிறேன். கையால் தைத்த பிள்ளைத் துணி என்றாலே நாம் உடனே பாசம் என்கிறோம். தையல் மெஷினுக்கே அப்படி ஒரு கதை உண்டு. இயந்திரங்களைப் பற்றி அவ்வளவு கடுமையாகப் பேசிய காந்தி, 1924-ல் ஓர் உரையாடலில் சிங்கர் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்து ஓய்ந்துபோவதைப் பொறுக்காமல் சிங்கர் அதைச் செய்தார், அதன் பின்னால் இருப்பது அன்பு என்பது காந்தி சொன்ன காரணம். ஐசக் சிங்கரின் வாழ்க்கையைக் கொஞ்சம் படித்தால் சிரிப்பு வரும். மனுஷன் ஒரே நேரத்தில் பல குடும்பம் வைத்திருந்தவர். 1851-ல் அவர் காப்புரிமை வாங்கியபோது கண் முன் இருந்தது துட்டு. ஆனால் மெஷின் நன்றாக ஓடியது. அம்மா அப்பாவின் உஷாவில் முப்பது வருடம் மிதித்தார். என் மயில் நீலக் கவுனில் பாசம் வேண்டுமளவு இருந்தது, இடுப்பில் நெட்டும் இருந்தது.

அந்தப் பாசம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அது பார்த்துக்கொண்டிருந்தது யாரை? துணி எடுக்கும்போது நான் நினைத்தது மேடையை. சுருக்குப் பிடிக்கும்போது நினைத்தது போட்டோவை. ஜரிகை சந்திக்கும் இடத்தை நூல் பிசகாமல் சேர்த்தது, சகலை ஒரு கம்பெனியில் மாஸ்டர், அவர் கண்ணில் படும் என்று. மூன்று ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தடவைகூட அவளைக் கூப்பிட்டு அரைகுறைக் கவுனைப் போட்டு உட்கார்ந்து எழச் சொல்லவில்லை. அழுக்காக்கிவிடுவாளே என்று ஒளித்துவைத்துத் தைத்தேன்.

கவுனை எறிந்துவிடவில்லை, பிரித்தேன். நெட்டை முழுவதும் எடுத்துவிட்டேன், பாவாடை குடை மாதிரி நிற்கவில்லை, தொங்கியது, தொங்கட்டும். பக்கத் தையலை அம்மா சொன்னபடி இரண்டு தரம் தைத்தேன்: முதலில் துணியின் வெளிப்பக்கம் வெளியே இருக்கும்படி சேர்த்து ஒரு தையல், பிசிறைக் கத்தரித்து, திருப்பி, அந்தப் பிசிறு உள்ளே சிறைப்படும்படி இன்னொரு தையல். ஓவர்லாக் தேவையே இல்லை. இடுப்புக்கும் கைக்குழிக்கும் பழைய மல்மல் சேலையில் கிராஸ் பட்டி வெட்டி மூடினேன். மார்புக்கு உள்ளே அதே மல்மல், இரண்டு மடிப்பாக. அடி மடிப்பில் 3 இன்ச் விடச் சொன்னார், அதற்கு மேல் ஒரு டக்கும், அதாவது பிறகு பிரித்து நீளமாக்க ஒரு மடிப்புத் தையலும், பிடிக்கச் சொன்னார். இந்த வயதில் வருடத்துக்கு 7, 8 சென்டிமீட்டர் வளர்வார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் எங்கள் துணியில் சைஸ் 86, 92, 98 என்று பிள்ளையின் உயரத்தில்தான் போட்டிருக்கும், 6 சென்டிமீட்டருக்கு ஒரு சைஸ். டக்கைப் பிரித்தால் ஒரு சைஸ், மடிப்பைப் பிரித்தால் இன்னொரு சைஸ். எங்கள் அக்காவின் பட்டுப்பாவாடை அப்படித்தான் மூன்று தீபாவளி பார்த்தது, பிரித்த இடத்தில் மட்டும் நிறம் புதுசாக ஒரு கோடு ஓடும்.

அவள் அதைப் போட்டுக்கொண்டாளா என்றால், முதல் நாள் இல்லை. மயில் நீலத்தைப் பார்த்ததுமே "கடிக்குது" என்று தூரப் போனாள். நான்கு நாள் அது விளையாட்டுச் சாமான் கூடையில் கிடந்தது. ஐந்தாவது நாள் அவளே அதை இழுத்துவந்து அப்பத்தாவிடம் கொடுத்தாள். அம்மா அவள் கன்னத்தில் வைத்துக் காட்டி, "கடிக்குதா அம்முணி?" என்றார். "இல்ல." "இங்க?" "இல்ல." வயிற்றில், அக்குளில், முதுகில். அக்குளில் சிரித்தாள். அதைப் போட்டுக்கொண்டு கொய்யா மரத்தடியில் போய் மண்ணில் உட்கார்ந்தாள், ஜரிகையோடு. மாலையில் கழற்றும்போது முழங்கால் பக்கம் ஒரு கிழிசல்.

கம்பெனியில் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. செக்கிங் டேபிளில் பீஸை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது முன்பும் உண்டுதான். தையல் விட்டிருக்கிறதா, பிசிறு தொங்குகிறதா என்று, கண்ணால். இப்போது நான் புறங்கையையும் விட்டுப் பார்க்கிறேன். கைமடிக்கிற அக்கா ஒருவர், "சார், பீஸ்கிட்டக் காச்சல் இருக்கான்னு பாக்கறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். என் தாளில் அதற்கு வரி இல்லை. எந்த வாடிக்கையாளரும் கேட்கவில்லை. ஒரு தடவை கழுத்துப் பட்டியில் நின்றது, மாஸ்டரிடம் சொன்னேன், அவர் நூலை மாற்றினார். மற்றொரு தடவை, ஷிப்மென்ட் நாளை என்றார். அதுவும் போயிற்று.

வீட்டில் மாறியது வேறு. அம்மா மெஷினை மறுபடி கேட்கவில்லை, ஊசியைக் கேட்டார். ஓரம் மடிப்பது, காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, இதற்கெல்லாம் கண் வேண்டாமாம், நூல் கோத்துக் கொடுத்தால் போதுமாம். அதனால் தினமும் காலையில் ரயிலுக்குக் கிளம்பும் முன் பத்து ஊசியில் நூல் கோத்து ஒரு பஞ்சுத் தலையணையில் வரிசையாகக் குத்திவைக்கிறேன். ஒரு கை நீளம், முடிச்சுப் போடக் கூடாது, அது அவரே போட்டுக்கொள்வார். இரவு வந்ததும் முதல் வேலை அந்த ஊசிகளை எண்ணுவது. பிள்ளை இருக்கிற வீடு, அதோடு பதினான்கு வருடப் பழக்கம். கம்பெனிப் பதிவேட்டைப் போல ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதவும் செய்கிறேன், மனைவி கேலி செய்கிறாள். போன வாரம் ஒரு நாள் ஒன்பதுதான் இருந்தது. விளக்கு எல்லாவற்றையும் போட்டு, பாயை உதறி, மகள் தூங்கும் மெத்தையைத் தடவி, கட்டிலுக்கு அடியில் காந்தத்தைக் கட்டி இழுத்து, அரை மணி நேரம் தேடினோம். பத்தாவது, தூங்கிக்கொண்டிருந்த அம்மாவின் முந்தானையில் குத்தியிருந்தது, பாதி நூலோடு.